பெண்கள் பக்கத்துக் கேமரா

திருமலைராயன்பட்டினத்தில் நௌஷினுக்கு வேண்டாதவர்கள் நிறைய. கேமராவைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவர்கள் கூடிக்கொண்டேதான் வந்தார்கள். அவர்களில் முதல் ஆள் அவளுடைய மாமியார் அமீர் நிஷா.

நௌஷினின் கணவன் ஜவஹர் அலிக்கு ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்பு நௌஷின் காரைக்கால் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். பாஸ்போர்ட் போட்டோக்களுக்குப் பின்னால் நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளை போடுவது, கல்யாண ஆல்பத்தில் பூக்களை ஒட்டுவது. அந்த ஆல்பங்களில் அவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். நிக்காஹ் வீட்டு ஆல்பங்களில் ஆண்கள்தான் பக்கம் பக்கமாக நிற்பார்கள். பெண்கள் பக்கம் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது. ஆண் போட்டோகிராபர் அங்கே போக முடியாது. யாராவது ஒரு சின்னம்மா மகள் போனில் எடுத்த ஆடிப்போன படங்கள்தான் மிச்சம்.

அந்த இடத்துக்கு நௌஷின் போனாள். கடனில் கேமரா வாங்கினாள். நாகூர், காரைக்கால், பட்டினம் என்று நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மருதாணி, மாலை, மணப்பெண்ணின் அழுகை எல்லாவற்றையும் எடுத்தாள். படத்தை வேறு யாருக்கும் காட்ட மாட்டாள், வேறு கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டாள் என்ற பேர் அவளுக்கு இருந்தது. அந்தப் பேர்தான் அவளுடைய தொழில்.

அமீர் நிஷாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊர்ப் பொம்பளைங்க மூஞ்சியையெல்லாம் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு அலையிறா" என்று பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்கும்படி சொல்வாள். ஒருநாள் பேட்டரி சார்ஜர் தண்ணீர்க் குடத்துக்குள் கிடந்தது. தவறி விழுந்தது என்றாள் அமீர் நிஷா. நௌஷின் நம்பவில்லை. அன்றைக்கு அவள் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டாள். மாமியார் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மருமகள் பட்டினி போட்ட கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

இன்சூரன்ஸ் விஷயம் வந்தபோது சண்டை இன்னும் முற்றியது. கோட்டுச்சேரியில் செல்லையன் என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். பஸ்ஸில் மேலே வைத்த கேமராப் பை இறங்கும்போது காணாமல் போக, அதோடு தொழிலை விட்டுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டப் போனவர். ஒரு மண்டப வாசலில் நௌஷினைப் பார்த்தபோது அவர் சொன்னார்: "இன்சூரன்ஸ் போட்டுருந்தா நான் இதுல நாற்காலி ஏத்திக்கிட்டு இருக்க மாட்டேன்மா. நீயாவது போட்டு வை."

அவள் போட்டாள். ஏஜெண்ட் வேகவேகமாகப் படித்ததை நிறுத்தி, மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். கேமரா கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். திறந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்த் திருடு போனால் கம்பெனி ஒன்றும் தராது. இதுதான் சாரம்.

"திருட்டுப் போவும்னு முன்னாடியே காசு கட்டி வெக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அமீர் நிஷா. "அல்லா மேல நம்பிக்கை இல்லாதவ பண்ற வேல. அந்தக் காசு ஹராம்."

"ஒங்க மவன் பைக்குக்கும் இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமி?"

"அது கவருமெண்டு கேக்குது, கட்டுறோம். இது நீயா தேடிப் போயி வாங்கிக்கிட்டு வந்தது."

அதற்குப் பிறகு மூன்று மாதம் போயிருக்கும். சேக் பரீது வீட்டுக் கல்யாணம் வந்தது.

சேக் பரீது அமீர் நிஷாவுக்குச் சின்னம்மா மகன், தம்பி முறை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத அமீர் நிஷாவுக்கு அவர்தான் தாய்வீடு. காரைக்காலில் எலெக்ட்ரிகல் கடை வைத்து நன்றாக இருந்தார். அவருடைய ஒரே மகள் சஜிதாவின் நிக்காஹ் காரைக்காலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நௌஷினைத்தான் கூப்பிட்டார்கள். 'நம்ம வீட்டுப் புள்ளதானே' என்று சொல்லிப் பாதிக் கூலியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

காலையிலிருந்து நௌஷின் நின்றுகொண்டே எடுத்தாள். மதியம் பெண்கள் சஹனில் உட்கார்ந்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி நான்கு பேர். நௌஷின் தோளில் பையோடு உட்காரப் போனாள்.

"சோத்துக்கு முன்னாடியும் அதத் தூக்கிக்கிட்டுத்தான் உக்காரணுமா?" என்று அமீர் நிஷா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "தட்டுல இடிக்குது பாரு."

சஜிதாவின் அம்மா அஜீசுன்னிசா எழுந்து வந்தாள். "பொண்ணு ரூமுல வச்சிட்டு வாம்மா. நகை, துணிமணி எல்லாம் அங்கதான் கெடக்கு. நான் பூட்டிட்டுத்தான் வாரேன்."

நௌஷின் பையை மணப்பெண் அறை அலமாரிக்குள் வைத்தாள். காலையில் எடுத்து நிரம்பிய ஒரு மெமரி கார்டு மட்டும் அவளுடைய கைப்பையில் இருந்தது. அஜீசுன்னிசா அறையைப் பூட்டினாள். அப்போது மாப்பிள்ளையின் மச்சான், அவனுடைய அக்கா கணவர், வந்து, மாப்பிள்ளை வீட்டுச் சூட்கேஸ் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும் என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நௌஷின் பார்த்தாள். அமீர் நிஷாவும் பார்த்தாள்.

சாப்பிட்டு வந்தபோது கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி ஒரு சின்னப் பெண்ணின் கையில் வந்தது. நகை இருந்தது, துணி இருந்தது. அலமாரியில் பை இல்லை. கேமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ் எல்லாம் போய்விட்டன. மாப்பிள்ளையின் மச்சான், அவசர வேலை என்று பெண் அழைப்புக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்.

சேக் பரீது உள்ளே வந்து கேட்ட முதல் கேள்வி, "எங்க வூட்டுப் பொம்பளைங்க படமெல்லாம் எங்க?" என்பதுதான்.

"மாமா, பையே போயிடுச்சு. காலையில எடுத்தது எங்கிட்ட இருக்கு. நிக்காஹுக்கு அப்புறம் எடுத்ததெல்லாம் கேமராவுலதான் இருக்கு."

"ஒன்னைய நம்பித்தான் எம்பொண்ணு முக்காடு இல்லாம நின்னா. எவன் கையில இருக்கோ இப்ப!"

அந்தப் பயம் நௌஷினுக்கும் இருந்தது. "அதான் மாமா, இப்பவே போலீசுல சொல்லிடுவோம்" என்றாள்.

அவருடைய குரல் மாறியது. பற்களைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மண்டபத்துக்குள்ள போலீசு கால் வச்சிது, நீ எங்க வூட்டு வாசப்படியை மறந்துடு. சம்பந்தி வூட்டு ஆளுங்களை நிக்க வச்சிக் கேள்வி கேப்பானுவ. எம்பொண்ணு நாளைக்கு அந்த வூட்டுல வாழணும்."

அன்று மாலையே நௌஷின் ஆட்டோ பிடித்துப் போய்ப் புகார் கொடுத்தாள். புகார் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவளுடைய விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். கடன் இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் நாகூரில் கல்யாணம் பேசியிருந்தாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

போலீஸ் விசாரித்தபோது சேக் பரீது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ரூம் தொறந்துதான் கெடந்துச்சு. சின்னப் புள்ளைங்க ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க. இந்தப் பொண்ணு அசால்ட்டா வச்சிட்டுச் சாப்பிடப் போயிடுச்சு."

கதவு பூட்டியிருந்தது என்று சொன்னால் சாவி யாரிடம் இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதைத் தவிர்க்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நௌஷினின் இன்சூரன்ஸும் செத்துப்போனது.

பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. கேமராவை அவளே விற்றிருப்பாள் என்றார்கள். படங்களைச் சேர்த்தே விற்றிருப்பாள் என்று ஒருவர் அதற்கு மேல் போனார். பேசி வைத்திருந்த கல்யாணங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் போன் வந்தது. 'வேற ஆள் பாத்துட்டோம்மா' என்றார்கள். சிலர் அதைக்கூடச் சொல்லவில்லை. ஜவஹர் அலி ஷார்ஜாவிலிருந்து கத்தினான்: "எங்க மாமா மேல போலீசுக்குப் போவியா நீ? யாரக் கேட்டுப் போன?"

"ஒங்க மாமா மேல போவல. திருடுனவன் மேல போனேன்."

"வாய மூடு. கேமராவும் வேணாம், ஒரு மயிரும் வேணாம். வூட்டுல கெட."

அவள் போனை வைத்தாள். பத்து நாள் அவனுடைய அழைப்பை எடுக்கவில்லை.

கைப்பையில் இருந்த அந்தக் கார்டைக் கேட்டு சேக் பரீது இரண்டு ஆட்களோடு வாசலுக்கு வந்தார். "ஆம்பளைங்க கையில குடுக்க மாட்டேன். பொண்ணு வரட்டும், அது கையில குடுக்குறேன்" என்றாள் நௌஷின். மிரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் சஜிதாவும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். மருதாணி இன்னும் அழியாத கையை சஜிதா நீட்டினாள். நௌஷின் கார்டை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மாமி. நீங்க பூட்டுனீங்களா இல்லையா?"

அஜீசுன்னிசா தரையைப் பார்த்தாள். "தொறந்துதான் கெடந்துச்சு."

"நீ சொல்லு சஜிதா. ஒனக்குத் தெரியும்ல?"

"என்னைய இதுல இழுக்காதீங்க லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு சஜிதா படியிறங்கிப் போய்விட்டாள். போனபிறகு நௌஷினுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது. சும்மா கொடுத்திருக்கக் கூடாது, உண்மையைச் சொன்னால் தருகிறேன் என்று பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, அந்தக் கார்டை வீட்டில் வைத்திருந்தால் தனக்குத் தூக்கம் வந்திருக்குமா என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து அவளை அன்றைக்கு அடுப்பங்கரையில் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவ வைத்தன. அமீர் நிஷா உள்ளறையிலிருந்து, "வாங்குனது எம்மவன் காசு, நெளிச்சிடாத" என்றாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கும்பகோணத்திலிருந்து வந்தார். மதியழகன் என்று பேர். கம்பெனிக்காக நஷ்டத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர். உட்காரச் சொன்ன நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்ததை வேண்டாம் என்றார்.

"பாலிசி எடுத்து மூணு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள திருட்டு. கொஞ்சம் வேகமா இருக்கே?"

"திருடன்கிட்ட ஆறு மாசம் கழிச்சு வாடான்னு நான் சொல்ல முடியுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "கடன் வேற இருக்கு. கடன் இருக்குறவங்க கேமராதான் அதிகமாத் தொலையுது. நான் இந்த வேலையில நெறைய பாத்துட்டேன்மா. ரூம் தொறந்து கெடந்ததா மண்டபத்துக்காரங்க சொல்றாங்க, பொண்ணோட அப்பா சொல்றாரு, அம்மாவும் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் பூட்டியிருந்துச்சுன்னு சொல்றீங்க."

"பூட்டித்தான் இருந்துச்சு."

"யாரு பாத்தா? சாட்சி யாரு?"

அவர் பேனாவை மூடினார். அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூட்டுனத நான் பாத்தேன்."

அமீர் நிஷா வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நௌஷின் எழுந்து நின்றுவிட்டாள். அத்தனை நாளும் இந்த விஷயத்தில் மாமியார் வாய் திறந்தது திட்டுவதற்கு மட்டும்தான்.

"நீங்க யாரும்மா?" என்றார் மதியழகன்.

"இவ மாமியா."

"அப்ப மருமவளுக்காகத்தானே பேசுவீங்க? இத நான் எப்புடி எழுதுறது?"

அமீர் நிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கசப்பான சிரிப்பு. "நானா? இவளுக்காவா? தெருவுல எறங்கி எந்த வூட்டுல வேணும்னாலும் கேளுங்க, நானும் இவளும் எப்புடின்னு. இவ கேமராவ நானே கெணத்துல போடணும்னு இருந்தேன். திருடன் முந்திக்கிட்டான்."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"பாத்ததப் பாக்கலன்னு சொல்லச் சொல்றீங்களா? அஜீசுன்னிசா பூட்டுனா. மாப்புள்ளையோட மச்சான் வந்து சாவி கேட்டான். குடுத்தா. நான் சோத்துக்கு உக்காந்திருந்த எடத்துலேருந்து அந்தக் கதவு நேரா தெரியும். அந்தச் சஜிதாப் புள்ளைக்கு வாய் இல்ல, பரீதுக்கு மனசு இல்ல. எனக்கு ரெண்டும் இருக்கு. எழுதிக்கங்க."

மதியழகன் எழுதவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நிஜமாகவே தெருவில் இறங்கினார். எதிர்வீடு, பக்கத்து வீடு, முனையிலிருந்த மளிகைக்கடை என்று ஒவ்வொன்றாகப் போனார். நௌஷின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். சார்ஜர் குடத்தில் விழுந்த கதையும் பட்டினி போட்ட கதையும் வெளியே வந்திருக்க வேண்டும். பெருநாளைக்குக்கூட இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சேமியா வாங்கிச் சாப்பிடாததைக் கடைக்காரர் சொன்னாராம்.

திரும்பி வந்தபோது மதியழகனின் முகத்தில் கடுப்பு குறையவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "முப்பது வருஷத்துல மாமியாரும் மருமவளும் கூட்டுச் சேந்து பொய் சொல்றத நெறைய பாத்திருக்கேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர மாட்டீங்கன்னு இந்தத் தெருவே சத்தியம் பண்ணுது." எழுதி முடித்து நீட்டினார். அமீர் நிஷா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் நௌஷின், "மாமி…" என்று ஆரம்பித்தாள்.

"பேசாத. அந்தக் காசு வந்தா ஒனக்கு. அதுல வாங்குன ஒரு வாய் டீ எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அமீர் நிஷா உள்ளே போய்விட்டாள்.

விஷயம் எப்படியோ சேக் பரீது காதுக்குப் போனது. மறுநாள் அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்தார். இந்தத் தடவை நௌஷினைப் பார்க்கவே இல்லை. நேராக அமீர் நிஷாவிடம் போய் நின்றார்.

"லாத்தா, நீயா இப்புடிப் பண்ணுன? சம்பந்தி வூட்டுக்காரன் பேரைக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே! எம்பொண்ணு வாழ வேணாமா?"

"திருடன்னு நான் சொல்லல பரீது. சாவி வாங்குனான்னுதான் சொன்னேன். அவன் திருடலன்னா வந்து சொல்லட்டும்."

"ஒரு கேமராவுக்காக…"

"கேமரா எனக்கு மசுருக்குச் சமானம். நீ இந்தப் பொண்ணத் திருடின்னு ஊரு பேச வுட்ட. எம்மவன் பொண்டாட்டிய. நான் ஆயிரம் பேசுவேன், நான் மாமியா. நீ யாரு பேசுறதுக்கு?"

சேக் பரீது வாசல்வரை போய்த் திரும்பினார். "நீ மவுத்தானாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

சாவுச் சேதிகூட வேண்டாம் என்றதைக் கேட்டு அமீர் நிஷா அசையாமல் நின்றாள். அவர் தெருமுனை திரும்பியபிறகுதான் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. நௌஷின் பக்கத்தில் போனாள். அமீர் நிஷா அவளுடைய கையைத் தட்டிவிட்டாள். "ஒன் கேமராவால எந்தம்பி போனான். தூரப் போ."

சில மாதங்கள் இழுத்தடித்து, கம்பெனி தேய்மானம் என்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தது. போலீஸ் மாப்பிள்ளையின் மச்சானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சாவியை வாங்கியதை ஒப்புக்கொண்டார், பையைப் பார்க்கவே இல்லை என்றார். பை கிடைக்கவில்லை. படங்களும் இதுவரை எங்கேயும் வெளியே வரவில்லை. புது நம்பரிலிருந்து போன் வந்தால் நௌஷின் இன்னும் பயந்துகொண்டேதான் எடுப்பாள்.

வந்த பணத்தில் அவள் ஒரு பழைய கேமரா வாங்கினாள். பட்டினத்தில் யாரும் கூப்பிடவில்லை. அவளும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. செல்லையன் சொல்லி, குரும்பகரத்தில் ஒரு வளைகாப்புக்கு அழைப்பு வந்தது. அங்கே பார்த்தவர்கள் திருவேட்டக்குடியில் மஞ்சள் நீராட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் கூடி உட்காரும் இடம் அங்கேயும் இருந்தது. அவர்களுக்கும் ஒரு பெண் வந்து எடுப்பது பிடித்திருந்தது. முக்காடு போட்டவள் எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் எதற்கு என்று அங்கேயும் ஒரு பெரியப்பா முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று அவள் தன் வேலையைப் பார்த்தாள். அவள் இப்போது பையோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். யார் சொன்னாலும் கழற்றுவதில்லை.

ஜவஹர் அலி மறுபடி பேச ஆரம்பித்தான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. டீத்தூள் விஷயத்தில் அமீர் நிஷா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மகன் அனுப்பும் பணத்தில் தனியாகத் தூள் வாங்கி, தனி டப்பாவில் வைத்து, தன் கையாலேயே போட்டுக் குடிக்கிறாள். சண்டை குறையவில்லை.

போன மாதம் சஜிதாவுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது. இவர்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அன்று காலை நௌஷின் திருவேட்டக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அமீர் நிஷா குளித்து, நல்ல புடவை கட்டி, துப்பட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறாள் என்பது நௌஷினுக்குத் தெரிந்தது.

அவள் தயங்கினாள். "மாமி, நான் வேணா இன்னைக்குப் போவாம இருக்கவா?"

"எதுக்கு? எம்மூஞ்சிய உக்காந்து பாக்கவா?" அமீர் நிஷா முகத்தைத் திருப்பவில்லை. "போ. போயி ஊரான் வூட்டு வளையல எண்ணிக்கிட்டு வா. வரும்போது அங்க கொடுவா மீனு வந்திருந்தா வாங்கிட்டு வா. எங்காசுல. இந்தா."

நீட்டிய நோட்டை நௌஷின் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னால் அதற்கொரு சண்டை வரும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.